ட்ரோன் வரைபடம்... வரப்பு தெரியும், வில்லங்கம் தீராது!

மருந்து தெளிக்க மட்டும் வயலுக்கு வந்துகொண்டிருந்த ட்ரோன், இப்போது நிலத்தை அளக்கவும் வருகிறது. ‘ஏக்கருக்கு இவ்வளவு கொடுங்கள், ஒரே நாளில் தோட்டத்தின் வரைபடம் உங்கள் செல்போனுக்கு வந்துவிடும்’ என்று சொல்லிச் சேவை தருபவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் உருவாகியிருக்கிறார்கள். பண்ணைக்குட்டை வெட்ட, சொட்டுநீர்க் குழாய் பதிக்க, தென்னையை எண்ண என்று பல வேலைகளுக்கு இது கைகொடுக்கிறது. ஆனால், பணம் கொடுத்து அழைப்பவர்களில் கணிசமானவர்களின் மனதில் இருப்பது வேறொரு கணக்கு. ‘பக்கத்து நிலத்துக்காரர் என் வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறார். வானத்திலிருந்து படம் எடுத்தால் உண்மை வெளியே வந்துவிடும்’ என்று நினைக்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல். ட்ரோன் படம், நிலத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும். அது யாருடையது என்று சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் காசைக் கொட்டினால், வரைபடமும் வீண், பக்கத்து நிலத்துக்காரருடன் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சுவார்த்தையும் வீண். ட்ரோனை எந்த வேலைக்கு அழைக்கலாம், எதற்கு அழைக்கக் கூடாது, அழைக்கும் முன் சட்டப்படி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எந்த வேலைக்கு உதவும்?

முதல் பயன், நிலத்தின் வாட்டத்தைத் தெரிந்துகொள்வது. மானாவாரி நிலத்தில் மழைத்தண்ணீர் எந்த மூலையில் நுழைந்து, எந்த வழியாக ஓடி, எங்கே வெளியேறுகிறது என்பதை அனுபவசாலிகள் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் எத்தனை அடி இறக்கம் என்பது கண்ணுக்குப் பிடிபடாது. ட்ரோன் படங்களிலிருந்து சம உயரக் கோடுகள் வரைந்துவிட்டால், பண்ணைக்குட்டையை எங்கே வெட்டினால் தண்ணீர் தானாக வந்து சேரும், வரப்பை எந்தத் திசையில் போட்டால் மண் அரிக்காது, சொட்டுநீரின் முதன்மைக் குழாயை எந்த மேட்டிலிருந்து தொடங்கலாம் என்பதையெல்லாம் மேஜையில் உட்கார்ந்தே முடிவு செய்யலாம். தவறான இடத்தில் குட்டை வெட்டிவிட்டு, பிறகு வாய்க்கால் வெட்டி அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை மிச்சமாகும்.

இரண்டாவது, எண்ணிக்கை. தென்னை, மா, முந்திரித் தோப்புகளில் எத்தனை மரம் நிற்கிறது, எங்கெங்கே காலியிடம் விழுந்திருக்கிறது, எந்த வரிசை மட்டும் வாடுகிறது என்பது ஒரே படத்தில் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தோப்பு தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. அதுபோன்ற நேரத்தில், புயலுக்கு முன்பு தேதியோடு எடுத்த ஒரு படம் கையில் இருந்தால், எத்தனை மரம் நின்றது என்று காட்ட உதவும்.

மூன்றாவது, மண்ணின் கன அளவு. குளத்திலிருந்து வண்டல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்தால், எவ்வளவு மண் வெளியேறியது என்று கணக்கிடலாம். குளத்தில் தண்ணீர் இருந்தால் இது நடக்காது. நீர்ப்பரப்புக்கு அடியில் உள்ள தரையைச் சாதாரணக் கேமராவால் அளக்க முடியாது.

படம் எப்படி வரைபடம் ஆகிறது?

ட்ரோன் நிலத்துக்கு மேலே, ஏர் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாகப் போய்த் திரும்புகிறது. போகும்போதே நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒரு படத்தில் உள்ளதில் 70 முதல் 80 சதவிகிதம் அடுத்த படத்திலும் இருக்கும்படி எடுக்க வேண்டும். ஒரே இடத்தை வெவ்வேறு கோணங்களில் பார்ப்பதால், கம்ப்யூட்டரில் உள்ள சாஃப்ட்வேர் மேடு பள்ளத்தைக் கணக்கிட்டு, எல்லாப் படங்களையும் ஒட்டி, மேலிருந்து நேராகப் பார்த்ததுபோன்ற ஒரே பெரிய படமாக மாற்றுகிறது. 100 மீட்டர் உயரத்தில் நல்ல கேமராவோடு பறந்தால், தரையில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அளவுள்ள பொருள் படத்தில் ஒரு புள்ளியாகப் பதியும். பாத்தி, குழாய், வரப்பு எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

படம் தெளிவாக இருப்பது வேறு, இடம் சரியாக இருப்பது வேறு. செல்போனில் ஊர் வரைபடத்தைத் திறந்தால், வீட்டுக்குள் நிற்கும் உங்களைச் சில நேரம் தெருவில் நிற்பதாகக் காட்டும் அல்லவா? ட்ரோனில் உள்ள சாதாரண ஜி.பி.எஸ் கருவிக்கும் அதே குறைதான். படத்துக்குள் நீள அகலம் ஓரளவு சரியாக இருந்தாலும், மொத்தப் படமும் பாய் நகர்ந்ததுபோல ஒரு பக்கமாகச் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடும்.

இந்தப் பிழையின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு நிலங்களுக்கு நடுவே 100 மீட்டர் நீளத்துக்கு வரப்பு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 200 சதுர மீட்டர் நிலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விட்டதுபோலக் காட்டும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக, இல்லாத 5 சென்ட் ஆக்கிரமிப்பு படத்தில் முளைத்துவிடும். பிழையை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால்கூட முக்கால் சென்ட் இடிக்கும்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. பறப்பதற்கு முன் தரையில் சில இடங்களில் குறிகள் பதித்து, அவற்றை உயர்துல்லிய ஜி.பி.எஸ் கருவியால் தனியாக அளந்து, படத்தை அந்தப் புள்ளிகளோடு பொருத்த வேண்டும். அல்லது ட்ரோனிலேயே அப்படிப்பட்ட உயர்துல்லியக் கருவி இருக்க வேண்டும். இவற்றைச் செய்தால் பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கும். உயரத்தில் வரும் பிழை மட்டும், நீள அகலத்தில் வரும் பிழையைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேமராவுக்குக் கண்ணில் படுவதுதான் தரை. கரும்பு நிற்கும் வயலில் கரும்பின் தோகையைத்தான் மேடாகக் காட்டும். அடர்ந்த தோப்புக்குள் வரப்பே தெரியாது. எனவே, வாட்டம் பார்க்க அறுவடை முடிந்து வெறும் தரையாகக் கிடக்கும் நாள்களே ஏற்றவை. நிழல் குறைவாக விழும் உச்சிவேளையையொட்டிப் பறப்பது நல்லது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களையொட்டிய பகுதிகளில் ஆடிக்காற்று அடங்கும்வரை தள்ளிப்போடுவதே உத்தமம்.

சட்டம் போடும் வேலி

நிலம் உங்களுடையது என்பதற்காக அதற்கு மேலே உள்ள வானமும் உங்களுடையது ஆகிவிடாது. நம் நாட்டில் ட்ரோன் பறப்பதை ‘ட்ரோன் விதிகள் 2021’ கட்டுப்படுத்துகிறது. இது 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியானது. பிறகு சில திருத்தங்களும் வந்தன. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதை நடைமுறைப்படுத்துகிறது.

எடையைப் பொறுத்து ட்ரோன்கள் ஐந்து வகை. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறியது. 25 கிலோவுக்கு மேல் 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கும் மேல் பெரியது. நிலம் அளக்க வருபவை பெரும்பாலும் மைக்ரோ அல்லது சிறிய வகை. மருந்து தெளிக்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவை சிறிய வகையில் வரும். தெளிக்கும் ட்ரோன் பயிருக்குச் சில மீட்டர் மேலே பறக்கும். அளக்கும் ட்ரோன் 60 முதல் 120 மீட்டர் உயரத்தில் பறக்கும். அதனால்தான் வான்வெளி விதி இதற்குக் கூடுதலாக இடிக்கிறது.

வான்வெளி மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ‘டிஜிட்டல் ஸ்கை’ என்ற அரசுத் தளத்தில் உள்ள வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பச்சை மண்டலம்: தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம்வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் நிலம் இருந்தால், இந்த உயரம் 200 அடியாக, அதாவது 60 மீட்டராகக் குறையும்.

மஞ்சள் மண்டலம்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். பச்சை மண்டலத்தில் மேலே சொன்ன உயரங்களைத் தாண்டினாலும் அது மஞ்சள்தான்.

சிவப்பு மண்டலம்: மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி விமான நிலையங்களைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடியின் வாகைக்குளம், சேலத்தின் காமலாபுரம் விமான நிலையங்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் விவசாய நிலம். சூலூர், தஞ்சாவூரில் விமானப்படைத் தளங்களும், அரக்கோணம், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளங்களும் இருக்கின்றன. கல்பாக்கம், கூடங்குளத்தில் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. இந்தப் பகுதிகளில் நிலம் வைத்திருப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோன்காரருக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

பச்சை மண்டலமே ஒரு நாள் சிவப்பாகலாம். மாநில அரசோ காவல்துறையோ தேவை ஏற்பட்டால் ஓர் இடத்தை 96 மணி நேரம்வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். முக்கியத் தலைவர் வருகை, பெருங்கூட்டம் கூடும் விழா போன்ற நாள்களில் இப்படி நடக்கும். பறக்கும் நாள் காலையிலும் ஒருமுறை வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

60 மீட்டருக்குள் பறக்க வேண்டிய இடத்தில் செலவும் மாறும். 120 மீட்டரில் பறப்பதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு படம் எடுக்க வேண்டும். நேரமும் பேட்டரியும் அதற்கேற்பக் கூடும். படம் கூடுதல் தெளிவாக இருக்கும் என்பது ஒரு லாபம். ‘ஏன் விலை அதிகம்?’ என்று கேட்கும் முன் நிலம் எந்த வளையத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வரும் ட்ரோனிடம் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ட்ரோனுக்கு அரசு கொடுத்த தனி அடையாள எண், இயக்குபவரின் ரிமோட் பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு. இறக்கை உடைந்து பக்கத்து வயலில் வேலை செய்பவர் மேல் விழுந்தால், காப்பீடு இல்லாத ட்ரோனிடம் நஷ்டஈடு வாங்குவது லேசான காரியமல்ல. விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க 2021 விதிகளில் இடமுண்டு.

வரைபடத்துக்கும் தனி விதி இருக்கிறது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நெறிமுறைப்படி, இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால், நீள அகலத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற அளவைவிட நுட்பமான வரைபடத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்க முடியாது. அந்தத் தகவலை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில்தான் சேமிக்க வேண்டும். ட்ரோன் வரைபடம் பெரும்பாலும் இந்த அளவைவிட நுட்பமானது. எனவே, ‘படங்களை எந்த சாஃப்ட்வேரில், எங்கே ஏற்றுகிறீர்கள்?’ என்று கேட்பது உங்கள் உரிமை.

வரப்புத் தகராறுக்கு ட்ரோன் தீர்ப்பு சொல்லாது

எல்லை யாருக்கு எங்கே என்பதைத் தீர்மானிப்பது ‘தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923’. புல எண்ணுக்கான எஃப்.எம்.பி வரைபடத்தில் உள்ள அளவுகளை வைத்து, அரசு நில அளவர் நேரில் வந்து, பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் கொடுத்து, கல்லிலிருந்து கல்லுக்கு அளந்து காட்டுவதே சட்டப்படியான எல்லை. தனியார் ட்ரோன் வரைபடத்தின் மேல் எஃப்.எம்.பி கோட்டை ஒட்டிக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கோட்டை எந்தக் கல்லில் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்து, எல்லை இப்படியும் போகும், அப்படியும் போகும்.

அரசே ட்ரோனை மட்டும் நம்புவதில்லை. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ‘ஸ்வமித்வா’ திட்டத்தில், இந்திய நில அளவைத் துறை ட்ரோன் மூலம் கிராமங்களை அளக்கிறது. அளப்பது குடியிருப்புப் பகுதியை மட்டும். நாம் நத்தம் என்று சொல்கிறோமே, அதுபோன்ற இடங்களை. விவசாய நிலம் இதில் சேராது. அங்கே ட்ரோன் பறப்பதற்கு முன்பே, வீட்டுக்காரர்களும் அலுவலர்களும் சேர்ந்து நின்று எல்லையைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். ட்ரோன் அந்தக் கோட்டைப் படம் பிடிக்கிறது. பிறகு நேரில் சரிபார்த்து, ஆட்சேபணை கேட்ட பின்புதான் சொத்து அட்டை வருகிறது. அதாவது, எல்லையை முடிவு செய்வது மனிதர்கள். ட்ரோன் அதைப் பதிவு செய்கிறது.

விவசாய நிலத்தில் இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தது ஆந்திரா. 2020 டிசம்பரில் தொடங்கிய மறு அளவையில் ட்ரோனும் உயர்துல்லியக் கருவிகளும் பயன்படுத்தப்பட்டன. புதிய ஆவணத்தில் பரப்பளவு மாறிவிட்டது, பலருடைய நிலம் ஒரே எண்ணில் கூட்டாகப் பதிவாகிவிட்டது என்று விவசாயிகளிடமிருந்து புகார்கள் கிளம்பின. கருவி நுட்பமாக இருந்தாலும், பழைய ஆவணமும் தரையில் உள்ள அனுபவமும் பக்கத்து நிலத்துக்காரரின் சம்மதமும் ஒத்துப்போகாவிட்டால் குழப்பம் தீராது என்பதற்கு இது பக்கத்து வீட்டுப் பாடம்.

ட்ரோனை அழைக்கும் முன்...

* என்ன வேலைக்கு வரைபடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மரம் எண்ண மட்டும் என்றால் சாதாரண ஜி.பி.எஸ் போதும். வாட்டம் பார்க்க வேண்டும் என்றால் தரைக் குறிகள் அவசியம்.

* டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நிலத்தின் நிறத்தைப் பாருங்கள்.

* அடையாள எண், பைலட் சான்றிதழ், காப்பீடு மூன்றையும் பார்த்து, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* ஏக்கருக்கு என்ன கூலி, என்ன கிடைக்கும், எத்தனை நாளில் என்பதை எழுதி வாங்குங்கள். ஒட்டிய பெரிய படம், சம உயரக் கோட்டு வரைபடம், மூலப் படங்கள் மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

* பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் வீட்டு முற்றமும் படத்தில் விழும்.

* வரைபடம் வந்ததும் சோதியுங்கள். கிணற்றிலிருந்து மோட்டார் அறைவரை உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, வரைபடத்தில் உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். வாட்டத்தை, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் இரண்டு இடங்களில் சரிபாருங்கள். ஒத்துப்போன பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: என் மகனிடம் ஒரு கிலோ எடையுள்ள ட்ரோன் இருக்கிறது. எங்கள் தோட்டத்தை நாங்களே படம் எடுக்கலாமா?

பதில்: 2 கிலோவுக்கு உட்பட்ட மைக்ரோ ட்ரோனை, வணிக நோக்கம் இல்லாமல் இயக்கப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அடையாள எண், காப்பீடு, மண்டலக் கட்டுப்பாடு ஆகியவற்றிலிருந்து விலக்கு கிடையாது. அதே ட்ரோனைக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் அது வணிகம். அப்போது சான்றிதழ் கட்டாயம். 2 கிலோவுக்கு மேல் இருந்தால், சொந்த நிலமாக இருந்தாலும் சான்றிதழ் வேண்டும்.

கேள்வி: வரப்பு வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. ட்ரோன் படத்தைத் தாக்கல் செய்தால் ஜெயிக்கலாமா?

பதில்: வரப்பு, மரம், கட்டடம் ஆகியவை இன்ன தேதியில் இப்படி இருந்தன என்று காட்டத் துணை ஆவணமாகப் பயன்படலாம். எல்லையை நிரூபிக்க அது மட்டும் போதாது. இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, நில அளவரோடு நேரில் அளந்து அறிக்கை கேட்பது வழக்கம். உங்கள் வழக்கறிஞரிடம் அதற்கு மனு போடச் சொல்லுங்கள். வழக்கு இன்னும் போடாதவர்கள், நில அளவைக்கு இணையம் மூலமாகவே விண்ணப்பிக்கலாம். செலவும் அலைச்சலும் அதில்தான் குறைவு.

கேள்வி: மழையில் பயிர் மூழ்கிவிட்டது. ட்ரோன் படம் அனுப்பினால் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா?

பதில்: பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பரவலான மகசூல் இழப்பு, பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம் கணக்கிடப்படுகிறது. தனி ஒருவர் எடுத்த படம் அதற்கு மாற்றாகாது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ப் பேரிடர்களில், பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நெல் வயல் நீரில் மூழ்கியதற்கு இந்தப் பிரிவு உங்கள் பகுதியில் பொருந்துமா என்பதை வேளாண் உதவி அலுவலரிடம் உடனே கேளுங்கள். ட்ரோன் வரும்வரை காத்திருந்து அந்த நேரத்தைத் தவறவிட வேண்டாம். முதலில் தகவல், பிறகு படம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்து இளைஞர்கள் இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தால், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் சேரலாம். சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பாஸ்போர்ட் கட்டாயம் என்ற நிபந்தனை 2023 திருத்தத்தில் நீக்கப்பட்டது. சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி வளாகத்திலும் பயிற்சி நடக்கிறது. பறக்கவிடக் கற்றுக்கொள்வது பாதித் தொழில்தான். தரைக் குறி வைப்பது, படங்களை ஒட்டுவது, பிழையைச் சோதிப்பது ஆகியவற்றையும் கற்றுக்கொண்டவருக்கே விவசாயிகளிடம் நிலையான வேலை கிடைக்கும். ‘எல்லைத் தகராறுக்கு இது உதவாது, நில அளவரிடம் போங்கள்’ என்று முதல் நாளே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுபவரை ஊர் நம்பும்.